ஒரே சுவர், ரெண்டு வீடு: கிராம சபை நம்மகிட்ட என்ன கேட்குது?

இன்னைக்கு எபிசோடு கிராம சபை பத்தி. "நான் ஐடியில இருக்கேன், எனக்கு எதுக்கு இது?"னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. உங்க ஓட்டு இன்னும் ஊர்லதான் இருக்குன்னா, அந்தச் சபையில நீங்களும் உறுப்பினர். யாரும் உங்களை நியமிக்க வேண்டியதில்லை. ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா போதும்.

அரசியலமைப்பின் 73-வது திருத்தம் 1993-ல நடைமுறைக்கு வந்தது. அடுத்த வருஷமே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அதன்படி முதல் தேர்தல் 1996-ல. அந்தத் தேர்தல்ல திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்துல தலைவரா ஜெயிச்சவர் இளங்கோ ரங்கசாமி. கெமிக்கல் இன்ஜினியர், தலித் சமூகத்தைச் சேர்ந்தவர், வேலையை விட்டுட்டு சொந்த ஊருக்கே திரும்பி வந்தவர்.

ஊருக்கு வடிகால் கட்டணும். வெளியில இருந்து கல் வாங்குறதுக்குப் பதிலா, பக்கத்துத் தொழிற்சாலைகள்ல மிஞ்சிப்போன கிரானைட் துண்டுகளை வச்சுக் கட்டினாங்க. செலவு குறைஞ்சது. ஆனா அதிகாரிகள் போட்ட எஸ்டிமேட்ல அந்தக் கல் இல்லை. விதிமீறல்னு தலைவரையே சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. அவர் அதை எதிர்த்துப் போராடினார், கிராம சபை அவர் பக்கம் நின்னது. பதவி திரும்பக் கிடைச்சது.

இங்க கவனிக்கணும். ஒரு நல்ல தலைவர் கிடைச்சதால மட்டும் இது நடக்கலை. கணக்கு என்ன, கல் எங்கிருந்து வந்தது, எவ்வளவு மிச்சமாச்சுன்னு ஊர் மக்களுக்குத் தெரிஞ்சிருந்தது. தெரிஞ்சதாலதான் அவங்களால கூட நிற்க முடிஞ்சது.

அடுத்தது இன்னும் கஷ்டமான வேலை: சாதி. அரசின் சமத்துவபுரம் திட்டம் அந்த ஊருக்கு வந்தப்போ, 50 இரட்டை வீடுகளாக் கட்டினாங்க. ஒரு பாதியில தலித் குடும்பம், மறுபாதியில வேற சாதிக் குடும்பம். நடுவுல ஒரே சுவர்.

சுவரைப் பகிர்ந்துக்கிட்டா சாதி ஒழிஞ்சிடுமா? ஒழியாது. ஆனா "முதல்ல மனசு மாறட்டும், அப்புறம் சேர்ந்து வாழலாம்"னு காத்திருந்தா எதுவுமே நடக்காது. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுற சத்தம் தினமும் காதுல விழும்போதுதான், "அவங்க"ங்கிற வார்த்தை கொஞ்சம் கொஞ்சமா கரைய ஆரம்பிக்கும். மனசு மாறுறதுக்கு தியானம் மட்டுமே வழி இல்லை. சேர்ந்து பொறுப்பு எடுத்துக்கிறதும் ஒரு வழி.

இப்போ நம்ம பக்கம் வருவோம். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம் பக்கத்துல இருக்கிற நல்லூரா இருந்தாலும் சரி, உங்க ஊரா இருந்தாலும் சரி, விதி ஒண்ணுதான். மக்கள்தொகை 500 வரைக்கும் இருந்தா 50 பேர் வரணும். 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200 பேர். அதுக்கு மேல 300 பேர். அவ்வளவு பேர் வரலைன்னா, கூட்டமே செல்லாது. நாம வராம இருக்கிறதும் அந்தக் கணக்குல சேருது.

தேதிகளைக் காலண்டர்ல போட்டு வைங்க: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பாதிக்கு மேல லீவு நாள்தான்.

முதல் தடவை போனா பேசணும்னு அவசியமில்லை. உட்கார்ந்து, வரவு செலவு வாசிக்கும்போது கேளுங்க. வாசிக்கலைன்னா, "கணக்கைக் கொஞ்சம் வாசிங்க"ன்னு எழுந்து கேளுங்க. குரல் நடுங்கும். பரவாயில்லை, எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான் இருக்கும்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம் மக்களே!