சக்கைக்குள் ஓர் எலும்புத் துணுக்கு

2004ஆம் ஆண்டு ஜெர்மனியிலிருந்து அயர்லாந்துக்கு மாட்டுத் தீவனம் வந்திறங்கியது. சுகர் பீட் என்ற கிழங்கிலிருந்து சர்க்கரையைப் பிழிந்தெடுத்த பிறகு மிஞ்சும் சக்கை அது. காயவைத்து, குச்சி குச்சியாக அழுத்தியிருப்பார்கள். நம்மூரில் மாட்டுக்குப் புண்ணாக்கும் தவிடும் எப்படியோ, அங்கே இது அப்படி. சுத்த சைவமான சரக்கு. ஆனாலும் வழக்கப்படி மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது உள்ளே எலும்புத் துணுக்குகள் இருந்தன.

கிழங்குச் சக்கையில் எலும்பைத் தேடும் வழக்கமே விநோதமாகத் தோன்றலாம். அதற்குக் காரணம் பைத்தியமாட்டு நோய். 1986இல் பிரிட்டனில் அடையாளம் காணப்பட்ட அந்த நோய் அங்கு மட்டும் 1.8 லட்சத்துக்கும் அதிகமான மாடுகளைத் தாக்கியது. இறைச்சிக் கூடக் கழிவையும் செத்த மாடுகளையும் வேகவைத்து, பொடியாக்கி, புரதச் சத்து என்று மறுபடி மாட்டுக்கே போட்டதில் பரவிய நோய் அது. புல் மேயும் பிராணிக்குத் தன் இனத்தையே ஊட்டிய கதை. நோயைக் கொண்டுபோனது பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. பிரியான் என்ற, மடிப்பு கோணிப்போன ஒரு புரதம். கழிவை வேகவைத்த சூட்டில் அது அழியவில்லை. அந்த மாடுகளிலிருந்து மனிதருக்கும் நோய் வந்திருக்கலாம் என்று 1996 மார்ச்சில் பிரிட்டன் அரசு நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 2001 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம், பண்ணை விலங்குகள் எதற்குமே இறைச்சி, எலும்புத் தூள் போடக் கூடாது என்று தடை விதித்தது.

தடையென்றால் துளிகூடக் கூடாது என்ற தடை. நோயுற்ற மாட்டின் மூளைத் திசு ஒரே ஒரு மில்லிகிராம் வாய்வழி போனாலும் கன்றுக்குத் தொற்ற முடியும் என்று பின்னாளில் பரிசோதனையில் தெரிந்தது. உப்புக்கல் அளவுகூட இல்லை. ஆகவே, கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை என்று எந்த அதிகாரியும் சொல்லத் துணியவில்லை.

எலும்பைக் கண்டுபிடிக்கும் முறை ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது. தீவன மாதிரியை அரைத்துச் சலித்து, டெட்ராகுளோரோஎத்திலீன் என்ற திரவத்தில் போடுகிறார்கள். டிரை கிளீனிங் கடையில் பட்டுப் புடவைக்குப் பயன்படும் அதே திரவம்தான். தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது. அதில் தவிடு, நார், உமி எல்லாம் மிதக்கும்; எலும்பும் மண்ணும் அடியில் படியும். படிந்ததை அலிசரின் என்ற சாயத்தில் நனைத்தால் எலும்புத் துணுக்குகள் சிவந்து தனியே தெரியும். நுண்ணோக்கியின் கீழ் அந்தச் சிவப்புத் துணுக்கில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். உயிரோடு இருந்த காலத்தில் எலும்புச் செல்கள் குடியிருந்த அறைகள் அவை. குழி முட்டை வடிவில் இருந்தால் நிலத்தில் வாழ்ந்த விலங்கு. நீண்டு மெலிந்து கோடு மாதிரி இருந்தால் மீன். ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கலந்திருந்தாலும் பழகிய கண் பிடித்துவிடும்.

ஆனால் அந்தக் கண் பிரியானைப் பார்ப்பதில்லை. துணுக்கு மாட்டுடையதா பன்றியுடையதா என்றும் அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. நோய் இருந்ததா என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. எலும்பு இருக்கிறது என்பது மட்டும்தான் விடை. பீட் சக்கை விவகாரம் சிக்கலானது இதனால்தான். விசாரித்துப் பார்த்தபோது, அது யாரும் கலந்த எலும்பில்லை என்று தெரிந்தது. கிழங்கை இயந்திரத்தால் தோண்டும்போது மண்ணும் ஒட்டிக்கொண்டு வருகிறது. வயலில் செத்து மக்கிய சிறு விலங்குகளின் எலும்பும் மண்ணோடு சேர்ந்து ஆலைக்குப் போய்விடுகிறது. எந்த வயலில்தான் எலி சாகவில்லை? 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் விதியைத் திருத்தியது. ஆபத்தை மதிப்பிட்டுப் பார்த்த பிறகு, கிழங்கு, வேர்ப் பயிர்த் தீவனத்தில் இப்படிச் சூழலிலிருந்து சேரும் எலும்புத் துணுக்குகளுக்கு நாடுகள் விலக்கு அளிக்கலாம் என்றது. அது வரை மண்ணில் விளைந்த ஒரு பொருளை மண்ணோடு வந்ததற்காகக் குற்றவாளியாக வைத்திருந்தார்கள்.

விலங்கின் இனத்தைக் கண்டுபிடிக்க 2013இல் பிசிஆர் சோதனையும் அதிகாரப்பூர்வமாகச் சேர்ந்தது. கொரோனாக் காலத்தில் நம் வாயில் புகுந்த அதே சொல்தான். அசைபோடும் விலங்கின் டிஎன்ஏ இருக்கிறதா என்று அது சொல்லிவிடும். ஆனால் பால் பவுடரிலும் மாட்டின் டிஎன்ஏ உண்டு. கன்றுத் தீவனத்தில் பால் பவுடர் சேர்ப்பதோ சட்டப்படியே சரி. தடை செய்த பொருளும் அனுமதித்த பொருளும் இந்தச் சோதனையில் ஒரே பதிலைத் தரும். அதனால் இன்றும் நுண்ணோக்கியைத் தூக்கிப் போட முடியவில்லை.

இதெல்லாம் நமக்கெதற்கு என்றால், 2025இல் இந்தியா, அமெரிக்கா வர்த்தகப் பேச்சின்போது அடிபட்ட ‘அசைவப் பால்’ விவகாரம் இதன் தொடர்ச்சிதான். அசைபோடும் விலங்கின் உள்ளுறுப்பு, ரத்தத் தூள், திசு ஆகியவற்றிலிருந்து செய்த தீவனத்தை ஒருபோதும் தின்னாத மாட்டின் பால்தான் வர வேண்டும். அதற்கு ஏற்றுமதி நாடு சான்றிதழ் தர வேண்டும் என்பது இந்தியாவின் நிபந்தனை. இதற்கு உடல்நலக் காரணம் ஏதுமில்லை என்று அமெரிக்கா பல ஆண்டுகளாகப் புகார் சொல்கிறது. வழிபாட்டுக்கும் உணவுக்கும் ஒரே பாலைப் பயன்படுத்தும் மக்களின் நம்பிக்கை இது என்பது நம் பக்கத்துப் பதில். அறிவியலை மட்டும் பிடித்துக்கொண்டால் அமெரிக்கா சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் என்ன சாப்பிடுவது என்பதை எந்த ஊரிலும் அறிவியல் மட்டும் தீர்மானிப்பதில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தீவன மூட்டையில் எலும்பைத் தேடலாம். துறைமுகத்துக்கு வந்துவிட்ட பால் பவுடரில் அந்த மாடு மூன்று வருடம் முன்பு என்ன தின்றது என்று தேட நுண்ணோக்கியும் உதவாது, பிசிஆரும் உதவாது. மிஞ்சுவது அந்த நாட்டுக் கால்நடை மருத்துவரின் கையெழுத்து. 1997இல் அமெரிக்கா கொண்டுவந்த தீவனத் தடையிலோ மாட்டு ரத்தத்துக்கு விலக்கு இருக்கிறது. ரத்தத் தூள் அங்கே மாட்டுக்குச் சட்டப்படி போடக்கூடிய பொருள். எந்தப் பண்ணையில் எந்த மூட்டை பிரிக்கப்பட்டது என்று தெரியாமல் ‘ஒருபோதும்’ என்ற சொல்லுக்குக் கீழே அவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்?