நால்வர் செய்யும் வேலையைத் தனித்துச் செய்தவர்

கச்சேரி மேடையொன்றை நினைத்துப் பாருங்கள். நடுவில் பாடகர் அமர்ந்திருப்பார். ஒரு பக்கம் வயலின், மறு பக்கம் மிருதங்கம், பின்னால் தம்புரா. பாடகர் ஒரு சங்கதியைத் தொட்டுவிட்டு மூச்சு வாங்கும்போது வயலின்காரர் அதைக் கீழே விழாமல் ஏந்திக்கொள்வார். தாளம் சற்றே தளருமாயின் மிருதங்க வித்துவானின் கண்ணசைவு ஒன்றே அதனை நிமிர்த்திவிடும். இசை என்பது பலர் கூடிச் செய்யும் காரியம் என்று நாம் கொண்டிருப்பதற்கு இதுவே காரணம். பாடகரும் நானே, பக்கவாத்தியமும் நானே என்று ஒருவர் முன்வருவாராயின், அவரை வித்தை காட்டுபவர் என்று எண்ணி, சிரித்துவிட்டு அப்பாற் செல்வோம்.

அவ்வாறு முன்வந்த ஒருவரைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன். அவர் வித்தை காட்டியவர் அல்லர். 1970ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், ஹோதோர்ண் என்னும் ஊரில், பெற்றோரின் வீட்டுக்குப் பின்புறத்தில் இருந்த கொட்டிலொன்றில், இருபது வயது நிரம்பிய இளைஞர் ஒருவர் தனியாக அமர்ந்து ஓர் இசைத்தட்டை உருவாக்கி முடித்தார். பாடல்களை இயற்றியவர் அவர். மெட்டமைத்தவரும் பாடியவரும் அவரே. கிற்றார், பியானோ, பேஸ் கிற்றார், டிரம் ஆகிய யாவற்றையும் வாசித்தவரும், ஒலிப்பதிவுக் கருவியின் பொத்தானை அழுத்தியவருங்கூட அவரே. அவர் பெயர் எமிற் றோட்ஸ். தம் பெயரையே அந்த இசைத்தட்டுக்கும் சூட்டினார்.

இவ்விசை எவ்வகையைச் சேர்ந்தது என்பதை முதலிற் சொல்லிவிட வேண்டும். 'பவர் பொப்' என்றொரு பெயர் உண்டு. 'தி ஹூ' என்னும் ஆங்கிலேய இசைக்குழுவைச் சேர்ந்த பீற் ரவுன்ஷென்ட் தங்கள் குழுவின் இசையைக் குறிப்பதற்கு 1967இல் இச்சொல்லைப் பயன்படுத்தினார். ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் பாடல். ஒருமுறை கேட்டாலே மனத்திற் பதியும் மெட்டு. மணி போல் ஒலிக்கும் கிற்றார். அதன் அடியில் உறுதியான டிரம். மேலே இரண்டு மூன்று குரல்கள் இணைந்து பாடும் இனிமை. இவையே அதன் இலக்கணம். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்விசையைச் செய்வது மிகக் கடினம். மூன்று நிமிடத்துக்குள் ஓர் அடியேனும் வீண்போகலாகாது அன்றோ? இவ்வகையைப் போற்றுவோர் றோட்ஸைத் தம் முன்னோடிகளுள் ஒருவராகக் கொண்டாடுகின்றனர்.

இலினொய் மாநிலத்தின் டெக்கேற்றர் நகரில் 1950ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் பிறந்த இவர், சிறுவயதிலேயே ஹோதோர்ணுக்கு வந்து சேர்ந்தார். 'பீச் போய்ஸ்' குழுவினர் தோன்றியதும் இந்த ஊரிலேதான். பதின்மூன்று, பதினான்கு வயதில் கையில் டிரம் கோலோடு இசைக்குள் நுழைந்த றோட்ஸ், 'தி பலஸ் கார்ட்' என்னும் குழுவில் டிரம் வாசித்தார். பின்னர் 'தி மெரி-கோ-றவுண்ட்' என்னும் குழுவை அமைத்துப் பாடகராகவும் பாடலாசிரியராகவும் விளங்கினார். அக்குழு 1967இல் வெளியிட்ட 'லைவ்' என்னும் பாடல் கலிபோர்ணியாவில் நன்கு பேசப்பட்டது. அவர் பதின்பருவத்தில் எழுதிய பாடல்களைப் பிறர் விரும்பி எடுத்தாண்டமையே அவற்றின் தகுதிக்குச் சான்றாகும். இங்கிலாந்தின் 'பெயார்போட் கன்வென்ஷன்' குழுவினர் தங்களுடைய முதலாவது இசைத்தட்டை 1968இல் வெளியிட்டபோது, இவருடைய பாடலொன்றையே அதன் தொடக்கமாக வைத்தனர். 'லைவ்' பாடலை 'பாங்கிள்ஸ்' என்னும் மகளிர் குழு 1984இல் மீண்டும் பாடியது.

குழு கலைந்தது. றோட்ஸ் ஒலிப்பதிவுக் கருவிகளை வாங்கிக்கொண்டு பின்புறத்துக் கொட்டிலுக்குள் புகுந்தார்.

அவர் பயன்படுத்தியது நான்கு தட ஒலிப்பதிவுக் கருவி. ஒலிநாடாவின் அகலத்தை நான்கு ஒழுங்கைகளாகப் பிரித்தது போன்றது இது. முதல் ஒழுங்கையில் ஒரு வாத்தியத்தைப் பதிவுசெய்து, அதைக் காதிற் கேட்டுக்கொண்டே இரண்டாவதில் மற்றொன்றை வாசிக்கலாம். நான்கும் நிரம்பிவிட்டால் அவற்றை ஒன்றாகக் கலந்து, வேறு இடத்துக்கு மாற்றி, மேலும் இடம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கலந்தவற்றைப் பின்னர் பிரித்தெடுக்க இயலாது. டிரம் ஒலி சற்று மிகுந்துவிட்டதே என்று பின்னர் வருந்திப் பயனில்லை. முழுவதையும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியதுதான். தவறைச் சுட்டிக்காட்ட அருகில் ஒருவரும் இல்லை. நன்றாயிருக்கிறது என்று சொல்லவும் ஒருவரில்லை. இவ்வாறு பன்னிரண்டு பாடல்களை முடிப்பதற்கு அவருக்கு ஏறக்குறைய ஓராண்டு சென்றது.

அந்தப் பன்னிரண்டையும் இன்று கேட்பவருக்கு, தனியொருவர் வாசித்தார் என்ற செய்தி முதலில் தோன்றுவதேயில்லை. அதுவே இவ்விசைத்தட்டின் பெருஞ்சிறப்பு என்பேன். தனியாகச் செய்யப்படும் ஒலிப்பதிவுகளில் பொதுவாக ஒரு விறைப்பு இருக்கும்; ஒவ்வொரு வாத்தியமும் முன்னதற்குக் கீழ்ப்படிந்து பின்னே நடக்கும். இங்கே அவ்வாறில்லை. தொடக்கப் பாடலாகிய 'வித் மை பேஸ் ஒன் த புளோர்', காதலில் அடிபட்டு நிலத்தில் முகங்குப்புற விழுந்தவனின் கதை. மெட்டோ துள்ளிக்கொண்டு ஓடுகிறது! துன்பத்தைச் சொல்லும் பாடலுக்குத் துள்ளல் மெட்டு வைப்பது அபாயமான காரியம். பாடுபவர் தம்மையே எள்ளி நகையாடத் தெரிந்தவராயிருந்தாலன்றி அது பொருந்தாது. றோட்ஸுக்கு அது தெரிந்திருக்கிறது. 'சம்படி மேட் போ மீ' என்னும் பாடலில் பேஸ் கிற்றாரைக் கவனித்துக் கேளுங்கள். அது கீழிருந்து தாங்குவதோடு நில்லாமல், தானும் ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே செல்கிறது. 'லலபை' என்பது ஒரு நிமிட அளவே ஓடும் தாலாட்டு. ஒரு கிற்றாரும் குரலும் மட்டுமே. அதன் பின் ஏதோ இன்னும் சொல்ல இருப்பது போன்ற மௌனம். 2001இல் வெளிவந்த 'த றோயல் ரெனன்போம்ஸ்' என்னும் திரைப்படத்தில் இப்பாடல் இடம்பெற்றதால், றோட்ஸ் என்ற பெயரையே கேட்டறியாத ஒரு தலைமுறையின் காதிலும் அது விழுந்தது.

இசைத்தட்டை டன்ஹில் கம்பனி 1970இல் வெளியிட்டது. விமர்சகர்கள் வாயாரப் புகழ்ந்தனர். இசை வணிகத்தின் முதன்மைப் பத்திரிகையாகிய பில்போட், அந்நாளின் மிகச் சிறந்த கலைஞர்களுள் ஒருவராக இவரை மதித்து எழுதியது. அப்பத்திரிகையின் விற்பனைப் பட்டியலில் இசைத்தட்டு 29ஆம் இடம்வரை ஏறிற்று. அதிலிருந்து தனியாக வெளியிடப்பட்ட 'பிரெஷ் அஸ் எ டெய்சி' என்னும் பாடல் 54ஆம் இடத்தைப் பிடித்தது. குரலும் மெட்டுப் போக்கும் போல் மக்கார்ட்னியை நினைவூட்டியதால், 'தனியொருவரே பீற்றில்ஸ்' என்னும் பட்டமும் இவரோடு ஒட்டிக்கொண்டது. மக்கார்ட்னியும் அதே 1970இல், பெரும்பாலும் தம் வீட்டிலேயே, நான்கு தடக் கருவியொன்றைக் கொண்டு, வாத்தியங்களையெல்லாம் தாமே வாசித்து ஓர் இசைத்தட்டை வெளியிட்டிருந்தார் என்பது சுவையான ஒற்றுமை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்று விளங்கும். மக்கார்ட்னியினுடையது ஓய்வுநாளில் வீட்டில் முணுமுணுத்தது போன்றது. சில பாடல்கள் அரைகுறையாகவே நிற்கின்றன. றோட்ஸினுடையதில் ஒவ்வொன்றும் இழைத்து மெருகிடப்பட்டது. புகழ்பெற்றவருக்கு அரைகுறையாக விடும் சலுகை உண்டு. இருபது வயதுக்காரருக்கு அது கிடையாது போலும்.

அப்பட்டம் புகழ்ச்சியாகவே சூட்டப்பட்டது. ஆனால் றோட்ஸ் கையெழுத்திட்டிருந்த ஒப்பந்தத்தை அதனருகில் வைத்து வாசித்தால் நெஞ்சு கனக்கும். ஆறு மாதத்துக்கு ஓர் இசைத்தட்டு வீதம் அவர் கொடுக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அக்கால வழக்கத்துக்கு இது புதுமையன்று. பீற்றில்ஸ் குழுவினர் 1963, 1964, 1965 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இங்கிலாந்தில் ஆண்டுக்கு இரண்டு இசைத்தட்டுகள் வெளியிட்டனர். ஆனால் அவர்கள் நால்வர். பாடல் எழுதும் கை இரண்டு. சிற்சில சமயம் மூன்று. மேற்பார்வை செய்ய ஜோர்ஜ் மார்ட்டின் என்னும் தேர்ந்த தயாரிப்பாளர். கருவிகளை இயக்கத் தனி நிபுணர்கள். கொட்டிலில் இருந்தவரோ ஒருவர். முதல் இசைத்தட்டுக்கே ஓராண்டு சென்றிருக்க, அடுத்தது ஆறு மாதத்தில் எவ்வாறு வரும்? எந்த நிதானத்துக்காக விமர்சகர்கள் அவரைப் பாராட்டினார்களோ, அந்த நிதானமே ஒப்பந்தத்தின் கண்ணில் குற்றமாகத் தென்பட்டது.

கம்பனி வழக்குத் தொடுத்தது. கோரப்பட்ட நட்டஈடு இரண்டரை இலட்சம் டொலர். இசைத்தட்டு விற்பனையில் அவருக்குச் சேரவேண்டிய பங்குத்தொகையும் நிறுத்திவைக்கப்பட்டது. பத்திரிகைப் பாராட்டைக் கொண்டு பால்காரனின் கணக்கைத் தீர்க்க முடியாது என்பதை நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. இதற்கிடையில், மெரி-கோ-றவுண்ட் காலத்து ஒப்பந்தத்தை வைத்திருந்த ஏ அன்ட் எம் கம்பனி, தன்னிடம் தேங்கிக் கிடந்த அவருடைய பழைய ஒலிப்பதிவுகளைத் திரட்டி, 'தி அமெரிக்கன் ட்றீம்' என்னும் பெயரில் வெளியிட்டது. கடைக்குச் சென்றவர் எது புதியது, எது பழையது என்று அறியாது மயங்கினர். தம்முடைய இசைத்தட்டோடு தாமே போட்டியிடும் நிலை அவருக்கு நேர்ந்தது.

இரண்டாவது இசைத்தட்டாகிய 'மிரர்' 1971இல் வந்தது. அதில் ஓசை கனத்திருக்கிறது. குரலில் ஓர் உரப்பு ஏறியிருக்கிறது. நல்ல பாடல்கள் உண்டெனினும், அவசரத்தின் கைரேகை ஆங்காங்கே தெரிகிறது. மூன்றாவது, 'பெயார்வெல் ரு பரடைஸ்', 1973இல் வெளிவந்தது. 'சொர்க்கத்துக்கு விடைகொடுத்தல்' என்று அத்தலைப்புக்குப் பொருள். இதனைப் பலர் குறைத்து மதிப்பிடுவர். நான் அவ்வாறு எண்ணவில்லை. முதல் இசைத்தட்டின் துள்ளல் இதில் இல்லைதான். ஆயினும் மக்கார்ட்னியின் நிழலிலிருந்து விலகி, தம் சொந்தக் குரலில் அவர் பாடத் தொடங்கியது இங்கேதான் என்பது என் துணிபு. தொடங்கியதும் நிறுத்திவிட்டார் என்பதே வருத்தம். அப்பொழுது அவருக்கு வயது இருபத்துமூன்று.

அதன் பின்னர் அவர் இசையுலகை விட்டு முற்றாக விலகிவிடவில்லை. எலெக்றா கம்பனியில் ஒலிப்பதிவாளராக வேலை பார்த்தார். பிறருடைய பாடல்களைப் பதிவுசெய்தார். ஹோதோர்ணை விட்டும் அகலவில்லை. தம் பெயரில் மட்டும் இசைத்தட்டு எதுவும் வெளிவராமலே ஆண்டுகள் கழிந்தன. ஆனால் பழைய இசைத்தட்டுகளைத் தேடி வாங்குவோர் குறையவில்லை. 2009இல் இத்தாலிய இயக்குநர் ஒருவர் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதே ஆண்டில் அவருடைய பழைய ஒலிப்பதிவுகள் ஒரே தொகுப்பாக மறுபடி வெளிவந்தன. புகழ்ந்து எழுதியவர்களுள் பலர், அவர் பாடிய காலத்தில் பிறந்திராதவர்கள்.

அவர்களுள் ஒருவராகிய கிறிஸ் பிறைஸ் என்னும் இளம் இசைக்கலைஞர் அவரைத் தேடிச் சென்று, மீண்டும் பாடுமாறு பொறுமையுடன் தூண்டினார். அதன் பயனாக 2016 பெப்ரவரியில், முந்தைய இசைத்தட்டு வெளிவந்து 43 ஆண்டுகளின் பின், 'றெயின்போ எண்ட்ஸ்' வெளிவந்தது. வெளியிட்டது 'ஒம்னிவோர்' என்னும் சிறிய நிறுவனம். இம்முறை றோட்ஸ் எல்லா வாத்தியங்களையும் தாமே தூக்கிக்கொள்ளவில்லை. ஜேசன் போக்னர், றோஜர் மானிங் முதலிய தேர்ந்த கலைஞர்கள் வாசித்தனர். ஏமி மான் குரல் கொடுத்தார். அவர்களுடன் பாடிய சுசானா ஹொவ்ஸ், 1984இல் 'லைவ்' பாடலைப் பாடிய பாங்கிள்ஸ் குழுவைச் சேர்ந்தவர். பதினேழு வயதுப் பையன் எழுதிய பாட்டைத் தம் இளமையிற் பாடியவர், அப்பையன் முதியவரான பின் அவர் அருகில் நின்று பாடினார்!

அவ்விசைத்தட்டில் இளமைக் குரலைத் தேடுபவர் ஏமாறுவர். குரல் கரகரத்திருக்கிறது, மேல் ஸ்தாயியை எட்டிப் பிடிக்க அது முயல்வதும் இல்லை. முறிந்துபோன இல்லறத்தையும், கைநழுவிய காலத்தையும் மறைவின்றிப் பாடுகிறார். 1970இல் துன்பத்தைத் துள்ளலாகப் பாடிய அதே மனிதர், அறுபத்தைந்து வயதுக்கு மேல் அதைத் துன்பமாகவே பாடுகிறார். மெட்டுக்கட்டும் திறன் மாத்திரம் சிறிதும் மங்கவில்லை.

2020ஆம் ஆண்டு ஜூலை 19ஆந் திகதி, தம் எழுபதாவது வயதில் எமிற் றோட்ஸ் காலமானார்.

இவருடைய இசையைப் புதிதாகக் கேட்க விரும்பும் மாணவர்கள் 1970ஆம் ஆண்டு இசைத்தட்டிலிருந்தே தொடங்கலாம். முதன்முறை பாடல்களாகவே கேளுங்கள். இரண்டாம் முறை டிரம்மை மட்டும் தொடர்ந்து செல்லுங்கள். சொற்கள் எங்கே இடறும், எங்கே மூச்சு வாங்கும் என்பதை முன்னமே அறிந்திருப்பது போல அது ஒதுங்கி வழிவிடுவதைக் காணலாம். பாடுபவரை அவ்வளவு நன்கு அறிந்த பக்கவாத்தியக்காரர் வேறெவருக்கும் வாய்த்திருக்க முடியாது.