விமானிக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலி

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் பஸ்சில் இதைக் கவனித்திருப்பீர்கள். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் ஏறுவார். கண்டக்டர் டிக்கெட் கேட்டால், "ஸ்டாஃப்" என்பார். வேலை முடிந்து வீடு திரும்பும் டிரைவர் அவர். சரி, விமானம் ஓட்டுகிறவர் எப்படி வீட்டுக்குப் போவார்?

அமெரிக்காவில் பல விமானிகளுக்கு வீடு ஓர் ஊரில்; வேலை தொடங்கும் விமான நிலையமோ நூற்றுக்கணக்கான மைல் தள்ளி வேறோர் ஊரில். அவர்களும் 'ஸ்டாஃப்' ஆகத்தான் பறந்து போய் வருகிறார்கள். பயணிகள் பகுதியில் இடம் காலியாக இருந்தால் அங்கே உட்காருவார்கள். இல்லாவிட்டால், விமானி அறைக்குள் இரண்டு விமானிகளுக்கும் பின்னால் ஒரு மடக்கு நாற்காலி இருக்கிறது. அதற்கு 'ஜம்ப் சீட்' என்று பெயர். ஐம்பது, எழுபது பேர் போகும் சிறிய ஜெட் விமானங்களில் பெரும்பாலும் இது ஒன்றுதான் இருக்கும். சொகுசு இருக்கை என்று நினைத்துவிடாதீர்கள். காலை நீட்டக்கூட இடம் போதாது!

கட்டணம் இல்லை, கட்டுப்பாடுதான் அதிகம். அடையாள அட்டை, உரிமம் காட்ட வேண்டும். இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று கம்ப்யூட்டரில் சரிபார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் கேப்டன் 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது வீண் பேச்சு கூடாது. விமானத்தில் எடை கூடிவிட்டால் முதலில் இறங்க வேண்டியவரும் இவர்தான்.

ஏன் இத்தனை கண்டிப்பு? 2023 அக்டோபர் 22-ல் அமெரிக்காவில் இந்த இருக்கையில் வந்த ஒரு விமானி, மனம் குழம்பிய நிலையில், பறக்கும்போதே எஞ்சின்களை நிறுத்தப் பார்த்தார். மற்ற இருவரும் தடுத்துவிட்டார்கள். விமானம் போர்ட்லாந்தில் பத்திரமாக இறங்கியது. அதே ஆண்டு பிப்ரவரியில் துபாயிலிருந்து டில்லி வந்த ஏர் இந்தியா விமானத்தில், ஒரு விமானி தன் தோழியை அந்த அறைக்குள் அழைத்தார். நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம். விமானியின் உரிமம் மூன்று மாதம் நிறுத்திவைப்பு.

ஆனால் கூட வருகிற விமானி காப்பாற்றியதும் உண்டு. 1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோ போன டி.சி.10 விமானத்தின் வால் எஞ்சின் நடுவானில் வெடித்துச் சிதறியது. விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் எண்ணெய்க் குழாய்கள் அறுந்து, எண்ணெய் முழுவதும் கொட்டிப்போயிற்று. திருப்பினால் திரும்பவில்லை! பயணிகளோடு உட்கார்ந்திருந்தார் டெனிஸ் ஃபிட்ச். அதே விமான வகைக்குப் பயிற்சி தரும் ஆசிரியர். "நான் உதவலாமா?" என்று பணிப்பெண் மூலம் கேட்டு அனுப்பினார். கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் உடனே உள்ளே அழைத்துக்கொண்டார்.

விமானிகள் இருவருக்கும் நடுவில் ஃபிட்ச் மண்டியிட்டார். மிச்சமிருந்த இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் விமானத்தைத் திருப்பினார். வண்டியில் பூட்டிய மாடுகளில் ஒன்றை வேகமாக நடக்கவிட்டால் வண்டி மறுபக்கம் திரும்புமே, அதுபோல! சூ சிட்டியில் இறங்கும்போது விமானம் உடைந்து தீப்பிடித்தது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள். அந்த நிலையில் ஒருவர்கூடப் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்றே பலரும் நினைத்தார்கள். ஃபிட்ச் காயத்தோடு உயிர் தப்பினார்.

விமானிக்குப் பின்னால் உட்கார்ந்த நம்மூர்க்காரர் ஒருவரும் உண்டு, தெரியுமா? ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம், இளம் வயதில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். இடங்கள் எட்டு, அவர் வந்தது ஒன்பதாவதாக. பிறகு குடியரசுத் தலைவராக, 2006 ஜூன் 8 அன்று புனேயில் சுகோய்-30 போர் விமானத்தின் பின் இருக்கையில் ஏறிப் பறந்தார். அப்போது அவருக்கு வயது 74.