ஆகாய வழியும் ஆலங்காயமும்

சென்னை விமான நிலையத்துக்கும் பெங்களூர் விமான நிலையத்துக்கும் இடையே நேர்க்கோட்டில் உள்ள தூரம் சுமார் 270 கிலோமீட்டர். ஆகாய விமானம் இதை ஏறக்குறைய 1 மணி நேரத்தில் கடக்கிறது. ஆனால் இவ்விரு நகரங்களுக்கும் நடுவே வசிக்கும் ஜனங்களின் பிரயாணக் கணக்கு முற்றிலும் வேறு.

திருப்பத்தூர் ஜில்லா ஆலங்காயத்திலிருந்து எந்த நிலையத்துக்குப் போனாலும் சாலை வழி சுமார் 200 கிலோமீட்டர். நாலு மணி நேரம் வழியிலேயே கழியும். அதன் பின் விமானம் புறப்படுவதற்கு 2 மணி முன்பாகவே நிலையத்தில் காத்திருக்கவேண்டும். சென்னையிலிருந்து டில்லிக்குப் பறப்பதோ 3 மணிக்குள் முடிந்துவிடுகிறது! ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வர்த்தகர்களுக்கும், அவர்களை நாடி வரும் அந்நிய நாட்டு வியாபாரிகளுக்கும், பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து செல்லும் ஏழைகளுக்கும் இத்தொல்லை பொதுவானது.

அருகே ஒரு நிலையம் அமைத்தால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். 2004-ல் இந்திய சர்க்கார் பெங்களூர் விமான நிலையக் கம்பெனியுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. நிலையம் திறந்த நாள் தொட்டு 25 ஆண்டுகள் வரை, மைசூர், ஹாஸன் நீங்கலாக, 150 கிலோமீட்டர் ஆகாய தூரத்துக்குள் வேறு சர்வதேச விமான நிலையம் ஏற்படலாகாது என்பது அதன் நிபந்தனை. நிலையம் திறக்கப்பட்டது 2008 மே மாதம். ஆகவே தடை 2033 வரை நீடிக்கும். ஆலங்காயம் அங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 130 கிலோமீட்டர்தான். ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்னும் அருகில் உள்ளவை. ஓசூர் 55 கிலோமீட்டருக்கு உட்பட்டது. யாவும் அவ்வட்டத்துக்குள் அகப்பட்டவையே.

பெரும் முதல் போடுகிறவர்கள் பாதுகாப்புக் கோருவது இயல்பு. ஒப்பந்தம் மதிக்கத்தக்கது என்பதிலும் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் கையொப்பமிடாதவர் தலையில் அதன் பாரத்தை ஏற்றலாகாது என்பது சட்டத்தின் பால பாடம். தமிழ்நாட்டு சர்க்கார் இவ்வொப்பந்தத்தில் கட்சிக்காரர் அல்லர். பாரத்தைச் சுமப்பவர்களோ தமிழ்நாட்டு ஜனங்கள். ஒப்பமிட்ட இந்திய சர்க்கார் இந்த ஜனங்களுக்கும் சர்க்காரேயன்றோ?

ஓசூரில் 2,000 ஏக்கர் நிலத்தில், ஆண்டுக்கு 3 கோடிப் பிரயாணிகளை ஏற்கத்தக்க நிலையம் அமைக்கப்படும் என்று முதல் மந்திரி திரு. மு. க. ஸ்டாலின் 2024 ஜூன் மாதம் சட்டசபையில் அறிவித்தார். ஆலங்காயத்தாருக்கு ஓசூர் சாலை வழியில் சுமார் 120 கிலோமீட்டரே. பெங்களூர் நகரத்தின் நெரிசலைக் கடந்து அதன் வடகோடிக்குச் செல்லும் அவஸ்தையும் அவர்களுக்கு நீங்கும்.

விமான நிலையம் ஓரிரவில் எழும்புவதன்று. 2033 பிறந்த பிறகு கடப்பாறையைத் தேடுவது விவேகமாகாது. நிபந்தனையைத் தளர்த்த இந்திய சர்க்கார் கம்பெனியுடன் இப்பொழுதே பேசவேண்டும். நிலம் தரும் குடியானவர்களுக்கு உரிய ஈடு முன்கூட்டியே கொடுக்கப்படவேண்டும். ஒருவர் சௌகரியத்துக்காக மற்றொருவர் வயிறு காயலாகாது. அதுவரையில், வாணியம்பாடியிலிருந்து இரு விமான நிலையங்களுக்கும் இரவு பகலாக நேர் பஸ்கள் ஓடட்டும். இதற்கு எவருடைய ஒப்பந்தமும் குறுக்கே நிற்கவில்லை. இவ்வட்டாரத்துச் சட்டசபை, பார்லிமெண்டு அங்கத்தினர்கள் கட்சி பேதமின்றி இவற்றை வற்புறுத்துவார்களாக.