ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வந்திருக்குமா?

பரிசோதனை முடிவுகள் இரண்டும் மேசையின்மேல் இருக்கின்றன. கணவருக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டு, மனைவிக்கு இல்லை. திருமணமாகிப் பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன. "இத்தன வருசமா ஒன்னாத்தானுங்க இருக்கறோம், அவளுக்கு மட்டும் எப்படிங்க இல்லாம இருக்கும்?" இக்கேள்வி திருப்பூரில் எந்த ஆலோசனை அறையிலும் எழக்கூடியது. இதற்குத் தவறான விடை ஒன்றைத் தாமாகவே வரித்துக்கொண்டு வீடு திரும்புவோருக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தவறான விடைகள் இரண்டு. "மனைவிக்கு இல்லையென்றால் கணவரின் முடிவும் பிழையாகத்தான் இருக்கும்" என்பது ஒன்று. அதை நம்புபவர் மருந்தைத் தொடங்குவதில்லை. "இதுவரை வராதது இனியும் வராது" என்பது மற்றொன்று. அதை நம்புபவர் பாதுகாப்பைக் கைவிடுகிறார். இரண்டும் ஒரே வீட்டில் இரண்டாவது நோயாளியை உருவாக்கக் கூடியவை.

எண்கள் சொல்வது என்ன?

சிகிச்சை பெறாத ஆணிடமிருந்து பெண்ணுக்கு, ஆணுறையின்றிக் கொள்ளும் ஒருமுறை உறவில் தொற்று கடத்தப்படும் வாய்ப்பு சராசரியாகப் பத்தாயிரத்தில் 8. பெண்ணிடமிருந்து ஆணுக்கு அது பத்தாயிரத்தில் 4. ஆசனவாய்வழி உறவில் பெறுபவருக்கு இவ்வாய்ப்பு பத்தாயிரத்தில் 138 ஆக உயர்கிறது.

இவற்றைப் பார்த்து "இவ்வளவு குறைவுதானா?" என்று எண்ணத் தோன்றும். ஆனால் இல்லறம் ஒருநாள் கூத்தன்று. ஆண்டுக்கு நூறு முறை உறவு நிகழ்வதாகக் கொண்டு கணக்கிட்டால், அத்தகைய நூறு பெண்களில் ஓராண்டிற்குள் ஏறத்தாழ எட்டுப் பேருக்குத் தொற்று ஏற்படும். பத்து ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏற்படும். எஞ்சியவர்களுக்கு ஏற்பட்டிராது. நாம் மேலே கண்ட மனைவி அந்த எஞ்சியவர்களில் ஒருவர். அவருடைய உடலில் தனிக் காப்பு ஏதும் இருப்பதாக இதற்குப் பொருள் இல்லை. நாளைய உறவிலும் வாய்ப்பு அதே அளவில் காத்திருக்கிறது.

மேலும், இவை சராசரி எண்களே. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் இரத்தத்தில் கிருமி மிகப் பெருகியிருக்கும். அப்போது பிறருக்குக் கடத்தும் ஆற்றலும் பன்மடங்காகும். அதே காலத்தில் பரிசோதனை "தொற்று இல்லை" என்று காட்டவும் கூடும். ஆகவேதான் மூன்று மாதம் கழித்து மறுமுறை வரச் சொல்கிறோம். பிறப்புறுப்பில் புண்ணோ வேறு பால்வினை நோயோ இருவரில் எவருக்கு இருந்தாலும் ஆபத்து கூடும். அவற்றிற்கும் உடனே சிகிச்சை பெற வேண்டும்.

முதலில் அறிந்தவரா, முதலில் பெற்றவரா?

கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்ய வாய்ப்பளிக்கப்படுகிறது. அதனால் பல குடும்பங்களில் தொற்று முதலில் கண்டறியப்படுவது மனைவியிடம்தான். உடனே பழியும் அவர்மீதே விழுகிறது. கணவர் பரிசோதனைக்கு வருவதற்குள் தீர்ப்பு எழுதி முடிக்கப்படுகிறது. வாசகர்கள் இதை உறுதியாக நினைவில் கொள்ள வேண்டுகிறோம்: இரத்தப் பரிசோதனை தொற்று உண்டா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டில் வந்தது என்பதைச் சொல்லாது. அறிகுறி ஏதுமின்றி இக்கிருமி உடலில் பல ஆண்டுகள் தங்கியிருக்கும். திருமணத்திற்கு முன்பே வந்திருக்கவும் கூடும்.

மருந்தே காப்பு

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில் கண்டறியப்பட்டது. அன்று கையில் மருந்து இல்லை. 2004 ஏப்ரல் முதல் அரசு கூட்டு மருந்து சிகிச்சையை இலவசமாக வழங்கி வருகிறது.

அம்மருந்து நோயாளியை மட்டுமன்றி அவருடைய துணையையும் காக்கிறது என்பது 2011இல் மெய்ப்பிக்கப்பட்டது. ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 இணையர்களிடம் ஒன்பது நாடுகளில் நடந்த அந்த ஆய்வில் சென்னையும் புனேயும் இடம்பெற்றன. சிகிச்சையை உடனே தொடங்கியவர்களின் துணைவர்களுக்குத் தொற்று கடத்தப்படுவது 96 விழுக்காடு குறைந்தது. பின்னர் ஐரோப்பாவில் 888 இணையர்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஆணுறையின்றி ஏறத்தாழ 58,000 முறை உறவு நிகழ்ந்தும், கிருமி அளவு கட்டுக்குள் இருந்த எவரிடமிருந்தும் அவருடைய துணைக்குத் தொற்று கடத்தப்படவில்லை.

எனவே, தொடர்ந்து மருந்துண்டு, ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் கிருமி 200 படிகளுக்கும் கீழே நிலைத்திருப்பவர் உடலுறவின் வழியே துணைக்குத் தொற்றைக் கடத்துவதில்லை. இந்நிலையை எட்டப் பொதுவாக ஆறு மாதம் வரை ஆகலாம். எட்டியதை 'வைரல் லோடு' பரிசோதனைதான் உறுதிசெய்யும். உடல் தேறிய உணர்வு உறுதிசெய்யாது. அதுவரை ஆணுறை கட்டாயம். தவறாமல் பயன்படுத்தினால் அது ஆபத்தைச் சுமார் 80 விழுக்காடு குறைக்கும். பிற பால்வினை நோய்களையும் தடுக்கும் என்பதால் அதன்பின்னும் அது பயனுடையதே.

குழந்தை வேண்டும் தம்பதியர் மனம் தளர வேண்டியதில்லை. சிகிச்சையில்லாத தாயிடமிருந்து நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று செல்லக்கூடும். முறையான சிகிச்சையால் அது 5க்கும் கீழே இறங்குகிறது. கருவுறுவதற்கு முன்பே மருத்துவரிடம் கலந்து பேசுங்கள்.

பனியன் ஊரின் நாள்முறைக்கு ஏற்ப

ஒன்றரை ஷிப்ட் வேலை, ஓவர்டைம், சனிக்கிழமைச் சம்பளம், தீபாவளிக்குச் சொந்த ஊர்ப் பயணம் என நகரும் வாழ்க்கையில் மாத்திரை தவறுவது எளிது. இன்று பெரும்பாலோர்க்கு வழங்கப்படுவது நாளுக்கு ஒரே மாத்திரை. பகல் ஷிப்ட்டோ இரவு ஷிப்ட்டோ, உங்களுக்கு ஏற்ற ஒரு நேரத்தை நிலையாக வைத்துக்கொண்டால் போதும். இரும்புச்சத்து, கால்சியம், வயிற்றெரிச்சல் மாத்திரைகள் சில இம்மருந்தின் பயனைக் குறைக்கும். அவற்றை உண்பதாயின் சொல்லிவிடுங்கள். ஊர் மாறுவதாயின் மருந்தை நிறுத்தாதீர்கள். சிகிச்சையைச் சொந்த ஊருக்கு அருகிலுள்ள மையத்துக்கு மாற்றித் தருவார்கள்.

உடன் உண்பதாலோ, ஒரே தையல் இயந்திரத்தில் அமர்வதாலோ, விடுதிக் கழிப்பறையைப் பகிர்வதாலோ, கொசுக்கடியாலோ இக்கிருமி பரவாது. ஆணுறை கிழிந்ததுபோன்ற நேர்வுகளில் 72 மணி நேரத்திற்குள், இயன்றால் அன்றே, மருத்துவமனைக்கு வந்தால் 28 நாள் தடுப்பு மருந்து உண்டு. தொற்றில்லாத துணை குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். 1097 என்ற கட்டணமில்லா எண்ணிலும் ஆலோசனை பெறலாம். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டுச் சட்டம், தொற்றைக் காரணம் காட்டி ஒருவரைப் பாகுபடுத்துவதைத் தடைசெய்கிறது. அவருடைய மருத்துவ விவரத்தைக் காக்கவும் வழிசெய்கிறது.

ஒரே நாளில் சேர்ந்து பரிசோதனைக்கு வரும் தம்பதியரைக் காண்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி. முடிவு எதுவாயினும், அதைச் சேர்ந்து கேட்பவர்களுக்கு அடுத்து என்ன செய்வது என்பதைப் பேசுவது எளிதாகிறது. உங்கள் துணையைப் பரிசோதனைக்கு அழைக்கத் தயக்கமாக இருந்தால், முதலில் தனியே வாருங்கள். எப்படி அழைப்பது என்பதையும் சேர்ந்தே யோசிப்போம்.