காதால் கற்கும் கணினிக் கல்வி

வீட்டிலிருக்கும் பழைய கணினிக்குக் கொஞ்சம் ரேம் கூட்டினால் பிள்ளைகளின் படிப்புக்கு இன்னும் சில வருஷங்கள் தாங்கும் என்று எண்ணி, 2025-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், மும்பைப் புறநகரான முலுண்டில் மின்சார ரயிலேறி, தாதரில் மேற்கு ரயில்வேக்கு மாறி, கிராண்ட் ரோடில் இறங்கி லாமிங்டன் ரோடு கடைகளை நாடிச் சென்ற குடும்பஸ்தர்களுக்கு, கோடையில் விசாரித்த விலை அங்கே வெகுவாக ஏறிப்போயிருந்தது. கடைக்காரர் விலையைச் சொல்வார். காரணத்தை விஸ்தரிக்க அவருக்கு அவகாசம் இல்லை. விளம்பரமோ விலை இறங்கும்போது மட்டுமே வாய் திறக்கும். அந்தக் காரணத்தைச் சாவதானமாக எடுத்துரைத்தவை, கணினிச் சாதனச் செய்திகளை இருவர் மூவர் கூடியமர்ந்து வாரந்தோறும் அலசும் பாட்காஸ்ட் என்னும் ஒலிவழிச் சம்பாஷணைகளே.

ரேம் என்பது கணினி அவ்வப்போது கையாளும் விவரங்களைத் தாங்கி நிற்கும் தற்காலிக நினைவகம். ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டு 1966-இல் கண்ட உபாயத்தின்படி, ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து ஒரே ஒரு பிட்டைக் காக்கின்றன. தேக்கிய மின்னூட்டம் கசிந்துபோகும் சுபாவமுடையதாகையால், அதனை வினாடிக்குப் பல முறை புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். உலகச் சந்தையில் இந்த நினைவகச் சில்லுகளின் பெரும்பகுதியை உற்பத்தி செய்வோர் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூவர். செயற்கை நுண்ணறிவு யந்திரங்களுக்கு இன்றியமையாத எச்பிஎம் என்னும் அடுக்கு நினைவகம், அதே கொள்ளளவுள்ள சாதாரண டிடிஆர்5 ரேமைக் காட்டிலும் ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கான் தகட்டை எடுத்துக்கொள்கிறது. லாபமும் அதிலேயே மிகுதி. ஆகவே தொழிற்சாலைகளின் கவனம் அந்தத் திசையில் சாய, வீட்டுக் கணினிக்கு வரவேண்டிய சரக்கு அருகிற்று. 2025 டிசம்பரில், 'குரூஷியல்' என்ற பெயரில் நுகர்வோருக்கு விற்றுவந்த வியாபாரத்தையே நிறுத்திவிடப் போவதாக மைக்ரான் அறிவித்தது. செயற்கை நுண்ணறிவுக்காக எங்கோ கட்டப்படும் தரவு மையத்துக்கும் மும்பைப் புறநகரில் வசிக்கும் ஒருவரின் மாதச் செலவுக்கும் உள்ள இந்தச் சம்பந்தம், விலைப்பட்டியலைப் பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படுவதன்று. யாரேனும் விளக்கிச் சொல்லவேண்டும்.

அப்படி விளக்கிச் சொல்லும் சம்பாஷணைகளுக்கு வழங்கும் பாட்காஸ்டிங் என்ற பெயர் 2004 பிப்ரவரியில் லண்டன் 'கார்டியன்' பத்திரிகையில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் தோன்றியது. மறு வருஷம் ஜூனில் ஆப்பிள் தனது ஐடியூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்டுகளுக்கு இடமளித்தது. அதே 2005-இல் அமெரிக்காவில் லியோ லபோர்ட் தொடங்கிய வாராந்தரத் தொழில்நுட்ப உரையாடல், பின்னர் வந்த எண்ணற்ற நிகழ்ச்சிகளுக்கு முன்மாதிரியாயிற்று.

வீடியோவைவிட இந்தக் குரல்வழிச் சம்பாஷணையே சாதாரண நேயருக்கு அதிகப் பிரயோஜனமுள்ளது என்பது என் அபிப்பிராயம். புதிய கைப்பேசியின் பளபளப்பைக் காட்டிக் காலத்தைப் போக்க இங்கே வழியில்லை. வரைபடத்தை நீட்டிவிட்டு நகர்ந்துபோகவும் முடியாது. பொருளின் குணதோஷங்களை வார்த்தையால் மட்டுமே நிலைநாட்டவேண்டிய நிர்ப்பந்தம் பேசுகிறவருக்கு உண்டாவதாலும், அவர் அவசரப்பட்டு ஒன்றைச் சொன்னால் பக்கத்திலிருப்பவர் "எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று இடைமறிக்க இடமிருப்பதாலும், கேட்கிறவருக்குக் காரணகாரியத் தொடர்ச்சி மனத்தில் பதிகிறது. காலை வேளையில் முலுண்டிலிருந்து சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையம் வரை செல்லும் ரயில் நெரிசலில் பத்திரிகையை விரித்துப் படிப்பது அசாத்தியம். ஆனால் காதுக்கு அங்கே வேறு வேலை இல்லை.

ஆயினும் கேட்பவர் ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. உற்பத்தியாளர் பணம் கொடுத்தோ, சாதனத்தை இனாமாக அனுப்பியோ பேசவைத்த பேச்சும், தாமே விலை கொடுத்து வாங்கி உபயோகித்தவரின் பேச்சும் ஒரே தொனியில் ஒலிக்கக்கூடும். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விளம்பரத் தரக் கட்டுப்பாட்டுக் குழுமம் 2021-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஒலி ஊடகத்தில் இத்தகைய விளம்பரச் சம்பந்தத்தை ஆரம்பத்திலும் முடிவிலும் வாய்விட்டே அறிவிக்கவேண்டும். மிகவும் நியாயமான விதி இது. அந்த அறிவிப்பைத் தயக்கமின்றிச் சொல்லுகிறவரிடமே எனக்கு நம்பிக்கை உண்டாகிறது.

தமிழில் இத்தகைய விஷயங்களைச் சொல்ல இயலாது என்போர் இன்னும் இருக்கிறார்கள். கட்டற்ற மென்பொருளைப் பற்றி 2012 முதல் தமிழிலேயே எழுதிவரும் 'கணியம்' இதழ் அவர்களுக்குத் தக்க பதில். மும்பைத் தமிழருக்கோ இதில் பிரத்தியேகமான உரிமையும் உண்டு. இந்நகரின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினியை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். வெற்றிடக் குழல்களால் ஆன அந்தப் பெரிய யந்திரத்தின் நினைவகம், தலா நாற்பது பிட்டுகள் கொண்ட 2,048 சொற்களை மட்டுமே தாங்கியது. இன்றைய கணக்கில் அது பத்துக் கிலோபைட். அத்தனை சொற்பமான நினைவகத்தை வைத்துக்கொண்டே விஞ்ஞானிகள் கணக்கிட்ட நகரில், எட்டு கிகாபைட் போதுமா பதினாறு வேண்டுமா என்ற கேள்விக்குத் தாய்மொழியில் நிதானமான விடை கிடைக்காமலிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

அத்தகைய விடை சொல்லும் பாட்காஸ்ட் ஒன்றைத் தமிழில் நடத்த முலுண்டிலேயே ஆட்கள் உண்டு. வருஷக்கணக்காகக் கணினி பழுது பார்த்துவரும் ஒருவர், பவாய் ஐஐடியில் படிக்கும் ஒரு மாணவர், வீட்டுச் செலவைக் கணக்கெழுதி நடத்தும் ஓர் அம்மாள் ஆகிய மூவரும் ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்தால் போதும். முதல் நிகழ்ச்சிக்கு விஷயமும் தயாராகவே இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கும் வழக்கமான ஏற்பாடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். அவ்விரண்டும் இல்லாத, ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் கழித்துவிடுவதா, அத்திருத்தங்களின் ஓராண்டு நீட்டிப்புக்குப் பதிவு செய்வதா, லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவிப் பிள்ளைகளிடம் கொடுப்பதா என்று அந்த அம்மாள் கேட்க, மற்ற இருவரும் அரை மணி நேரம் தர்க்கித்துப் பதில் சொல்லட்டும்.