கார்பன் தூண்டில் கம்பு ஏன் பட்டென்று ஒடிகிறது?

கார்பன் கம்பு உள்ளே வெறும் குழாய்தான். மீன் இழுக்க, வளையும் இடத்தில் வட்டம் முட்டை வடிவமாக நசுங்கும். வளைவின் உட்பக்கச் சுவர் மடங்கினால் கதை முடிந்தது. இதைத் தடுக்கத்தான் நீள இழைகளோடு குறுக்கிழைகளையும் சுற்றுகிறார்கள்.

‘ஹை மாடுலஸ்’ என்றதும் மயங்கிவிடாதீர்கள். அது விறைப்பின் அளவு, வலிமையின் அளவல்ல. டோரே நிறுவனத்தின் டி300 இழை சுமார் 1.5 சதவீதம் நீண்டு அறும். அதைவிட விறைப்பான எம்40ஜே 1.2 சதவீதத்திலேயே அறும். விறைப்பான இழை என்று சுவரையும் மெலிதாக்கியிருந்தால், எறியும்போது ஈயக்குண்டு மோதிய சின்னக் கீறலே போதும்.

வாங்குமுன் நகத்தால் தடவிப் பாருங்கள். கீறலோ பிசிறோ தட்டுப்பட்டால் வேண்டாம். வளைத்துப் பார்க்க நுனியைப் பிடித்து இழுப்பவர்கள்தான் அதிகம். அது கம்பின் மிக மெலிந்த இடம். கம்பின் வளையங்களில் தூண்டில் நரம்பைக் கோத்து, அதை இழுங்கள்.